லாஸ்பேட்டையிலிருந்து மூளைக்குள் ஒரு வழி

இணைய இணைப்புள்ள சாதாரண மடிக்கணினி ஒன்று போதும். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் இருக்கும் ஆலன் மூளை அறிவியல் நிறுவனத்தின் சுண்டெலி மூளை வரைபடத்தைத் திறந்து, தேடும் கட்டத்தில் ‘டிஹெச்’ என்ற இரண்டெழுத்து மரபணுப் பெயரை அடித்தால், வெளிறிய மூளைச் சீவல்களின் படங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பகுதி வெறுமையாகத்தான் இருக்கும். நடுமூளையின் அடிப்பக்கம் போனால் அடர்ந்த நிறத்தில் புள்ளிகள் கூட்டமாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நரம்புச் செல். டோபமின் தயாரிக்கத் தேவையான நொதிக்குரிய மரபணு அந்தச் செல்களில் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிறமே சாட்சி. மனித மூளையில் இதற்கு இணையான இடத்திலுள்ள செல்கள் அழியும்போதுதான் பார்க்கின்சன் நோயாளியின் கை நடுங்குகிறது, நடை தளர்கிறது.

இதைப் பார்க்கக் கட்டணம் இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்தின் அடையாள அட்டையையும் காட்ட வேண்டியதில்லை. புதுச்சேரி லாஸ்பேட்டையில் தாகூர் அரசுக் கல்லூரி மாணவரோ, மோதிலால் நேரு பாலிடெக்னிக் மாணவரோ பார்க்கிற படமும் ஹார்வர்டு பேராசிரியர் பார்க்கிற படமும் ஒன்றே. மூளையை உறையவைத்து, சீவி, நிறமேற்றிப் படமெடுக்கும் ஆய்வுக்கூடத்தை அமைக்கப் பல கோடி ரூபாய் வேண்டும். அந்தக் கோடிகளை வேறு எவரோ செலவிட்டு, விளைந்ததை உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறார்கள். நம்மூர்க் கல்லூரிகள் இதை இன்னும் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லையே என்ற ஆதங்கம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

மரபணு வெளிப்பாடு என்று பாடநூல்கள் சொல்வது என்ன? நம் உடலின் செல்கள் அநேகமாக எல்லாவற்றிலும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் அடங்கிய அதே தொகுப்புதான் இருக்கிறது. கல்லீரல் செல்லிலும் அதுதான், மூளைச் செல்லிலும் அதுதான். எல்லா வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் கடுகும் சீரகமும் வெந்தயமும் இருந்தாலும், இன்று எந்த வீட்டில் எது தாளிக்கப்படுகிறது என்பது அடுப்படிக்குப் போனால்தான் தெரியும். செல்லின் அடுப்படியில் நடப்பதைக் காட்டிக்கொடுப்பது தூது ஆர்.என்.ஏ. ஒரு மரபணு இயங்கும்போது அதன் நகலாக இந்த மூலக்கூறு உருவாகிறது. அதைத் தேடிப் பிடித்தால், மூளையின் எந்த மூலையில் எந்த மரபணு விழித்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

பிடிக்கும் முறை அழகானது. தேடுகிற தூது ஆர்.என்.ஏ.வோடு மட்டும் கச்சிதமாகப் பொருந்தும் எதிரிழை ஒன்றைச் செயற்கையாகத் தயாரித்து, அதில் ஓர் அடையாளத்தைச் சேர்த்து, மூளைச் சீவலின் மேல் விடுகிறார்கள். ஜோடி கிடைத்த இடத்தில் இழை ஒட்டிக்கொள்ளும், கிடைக்காத இடத்தில் கழுவிப் போய்விடும். பிறகு வேதிவினை ஒன்றால் ஒட்டிய இடத்தில் நிறம் எழும். ஒரு மரபணுவுக்கு இதைச் செய்வது ஓர் ஆய்வு மாணவரின் வேலை. எல்லா மரபணுக்களுக்கும் செய்ய ஒரு தொழிற்சாலையே வேண்டும்.

அந்தத் தொழிற்சாலைக்குப் பணம் போட்டவர் மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன். 2003-ல் 10 கோடி டாலர் கொடுத்து நிறுவனத்தைத் தொடங்கினார். சுண்டெலி மூளைகளை 25 மைக்ரான் தடிமனில் சீவி, இயந்திரங்களைக் கொண்டு நிறமேற்றி, சுமார் 20,000 மரபணுக்களுக்கான வரைபடத்தை 2006-ல் முடித்தார்கள். மரபணுக்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மூளையில் எங்கோ ஓரிடத்தில் இயங்குகிறது என்ற உண்மை அப்போது வெளிப்பட்டது. இதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. கண்டுபிடிப்புகளைத் தாங்கள் எழுதி முடிக்கும்வரை அவர்கள் தரவைப் பூட்டி வைக்கவில்லை. படங்கள் தயாராகத் தயாராக இணையத்தில் ஏறின.

இந்தப் பழக்கத்துக்கு முன்னோடி மனித மரபணுத் தொகுப்புத் திட்டம். பெர்முடா தீவில் 1996-ல் கூடிய விஞ்ஞானிகள், படித்தறிந்த மரபணு வரிசையை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைப்பது என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த தரவை மறுநாளே எதிர்ப்போட்டியாளர் கையில் கொடுக்க எத்தனை துணிச்சல் வேண்டும்!

அதன் பலன் நெருக்கடியில் தெரிந்தது. 2020-ல் கொரோனா பரவி, உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் மூடிக் கிடந்தன. நோயாளிகளோ வாசனை தெரியவில்லை, தலை சுற்றுகிறது என்று வந்துகொண்டிருந்தார்கள். கிருமி செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ‘ஏஸ்-2’ என்ற புரதம் மூளையில் எங்கெல்லாம் இருக்கிறது? ஆய்வுக் குழு ஒன்று புதிதாக எந்த மூளையையும் சீவவில்லை. ஆலன் நிறுவனத்தினுடையது உள்ளிட்ட பொதுத் தரவுத்தளங்களைத் திறந்து பார்த்தது. மூளைத் தண்டுவடத் திரவத்தைச் சுரக்கும் கோராய்டு பின்னலில் அந்த மரபணுவின் இயக்கம் மற்ற பல இடங்களைவிட அதிகம் என்று தெரிந்தது. பத்தாண்டுகளுக்கு முன் முற்றிலும் வேறு நோக்கத்துக்காகச் சேர்த்து வைத்த தரவு, அது சேரும்போது பெயரே இல்லாத ஒரு நோய்க்கு விடை தேட உதவியது.

சுண்டெலிக்கு அடுத்தது மனிதர். ஆலன் மனித மூளை வரைபடம் 2010-ல் வெளிவரத் தொடங்கியது. அதற்கு மூளை தந்தவர்கள் மொத்தம் 6 பேர். வயது 24 முதல் 57 வரை. 5 ஆண்கள், ஒரே ஒரு பெண். 4 பேரிடம் இடது அரைக்கோளம் மட்டுமே ஆராயப்பட்டது. ஆறு மூளைகளிலிருந்தும் எடுத்த மாதிரித் துணுக்குகள் 3,702. மன அழுத்தத்தில் தொடங்கி மறதி நோய் வரை உலகெங்கும் வந்த எண்ணற்ற ஆய்வுகள் இந்த 6 பேரின் மேல் நின்றுகொண்டிருக்கின்றன. அவர்களில் இந்தியர் ஒருவரும் இல்லை. சேகரித்தவர்கள் ஒளிவுமறைவின்றி வயது, பாலினம், இனம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பதால்தான் இந்தக் குறையே நமக்குத் தெரிகிறது. ஆனாலும் குறை குறைதான்.

அந்த வெற்றிடத்தின் ஒரு பகுதியை நிரப்பும் வேலை, லாஸ்பேட்டையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரத் தொலைவில் நடந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் கரு மூளையின் முப்பரிமாண வரைபடத்தை வெளியிட்டது. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரும் ஐ.ஐ.டி.யின் முன்னாள் மாணவருமான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் ஆதரவில் உருவான மையம் அது. தலைவர் பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம். சென்னையின் மெடிஸ்கேன் நிறுவனமும் சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மருத்துவத் தரப்பில் துணை நின்றன. நரம்பியல் உடற்கூறு ஆய்வுக்குப் பெயர்பெற்ற ‘ஜர்னல் ஆஃப் கம்பேரட்டிவ் நியூராலஜி’ இதழ் அதைப் பிரசுரித்தது.

கர்ப்பத்தின் 14, 17, 21, 22, 24-ஆம் வாரங்களைச் சேர்ந்த 5 மூளைகள். அவற்றிலிருந்து 5,132 சீவல்கள். பெயரிட்டுக் குறிக்கப்பட்ட பகுதிகள் 500-க்கும் மேல். ஒவ்வொரு சீவலும் 20 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கரு மூளை ஈரமான, மிக மிருதுவான திசு. அதை உறையவைத்து, கிழியாமல், மடியாமல், வரிசை மாறாமல் கண்ணாடியில் ஏற்றி, நிறமூட்டி, படங்களைக் கணினியில் மீண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி முழு மூளையாக்க வேண்டும். பொறியாளரும் மருத்துவரும் உடற்கூறு வல்லுநரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தால்தான் இது நடக்கும். இதுவும் எல்லோருக்கும் இலவசம்.

படங்களை நிதானமாகப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு ஒரு கட்டுமானமே கண்முன் விரியும். 14-ஆம் வாரத்தில் மூளையின் மேற்பரப்பு வழவழவென்று இருக்கிறது, நாம் அறிந்த மடிப்புகள் இல்லை. 24-ஆம் வாரத்தில் முக்கியமான பள்ளங்கள் எட்டிப் பார்க்கின்றன. உள்ளே, திரவம் நிறைந்த அறைகளின் ஓரத்தில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு அடர் ஊதாப் பட்டையாகத் தெரிகின்றன. அங்கேதான் நரம்புச் செல்கள் பிறக்கின்றன. பிறந்தவை நீண்ட தாங்கு செல்களைப் பற்றிக்கொண்டு வெளிப்புறம் நோக்கி ஏறுகின்றன. பின்னால் பிறந்தவை முன்னவர்களைத் தாண்டிக்கொண்டு மேலே போய் அமர்கின்றன.

குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் மருத்துவர்களுக்கு அந்த ஊதாப் பட்டையின் ஒரு பகுதி நன்றாகவே தெரியும். முளைத்தளம் என்று சொல்லத்தக்க அந்த இடத்தின் ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. சீக்கிரமே பிறந்துவிட்ட குழந்தைக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டால், பெரும்பாலும் தொடங்குமிடம் இதுதான். உச்சிக்குழி வழியாகப் பார்க்கும் அல்ட்ராசவுண்டில் அது மங்கலான வெண்திட்டாகத் தெரியும். தரணியில் அதே இடத்தைச் செல் செல்லாகப் பார்க்கலாம். ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் நாட்டில் இது ஆய்வாளர்களின் ஆர்வத்தோடு முடிந்துபோகிற விஷயமல்ல.

இந்த 5 மூளைகளும் பிறக்காமலே போன 5 குழந்தைகளுடையவை. வாழ்வின் மிகக் கொடிய வேளையிலும் பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்திட்டதால்தான் இந்தத் தரவு இருக்கிறது. தானம் கொடுத்தவர்களின் பெயர் எங்கும் வராது, வரவும் கூடாது. படத்தைத் திறக்கும் மாணவர் அதை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

தரணி சொல்வது செல்களின் அமைப்பை. எந்த மரபணு எங்கே இயங்குகிறது என்பதற்கு மறுபடி ஆலன் நிறுவனத்திடம்தான் போக வேண்டும். கரு மூளையின் மரபணு வெளிப்பாட்டை அது 4 மூளைகளில் அளந்து 2014-ல் வெளியிட்டது. இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கலாம், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஆலன் தரவு கரு உருவான நாளிலிருந்து வாரத்தை எண்ணுகிறது. தரணியோ மகப்பேறு மருத்துவர்கள் வழக்கப்படி கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுகிறது. அங்கே 15-ஆம் வாரம் என்றால் இங்கே 17-ஆம் வாரம். இந்த 2 வாரத்தைக் கவனிக்காமல் விட்டால், கரு மூளை வளரும் வேகத்துக்கு ஒப்பீடு முழுவதுமே தவறாகிவிடும். இன்னொரு பொறி கணக்கில் இருக்கிறது. மூளையில் அண்டை அயல் பகுதிகள் இயல்பாகவே ஒன்றுபோல இருக்கும். அதனால் தொடர்பே இல்லாத இரண்டு வரைபடங்கள்கூடப் பொருந்துவதுபோலக் காட்டும். அவசரப்பட்டு எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் சில இதில் விழுந்திருக்கின்றன. தரவு இலவசம் என்பதால் அதைக் கையாளும் கல்வியும் தானாக வந்துவிடாது. ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதைத்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் புதுச்சேரி. அந்த மரபில் வந்த ஜிப்மர் லாஸ்பேட்டைக்குப் பக்கத்திலேயே கோரிமேட்டில் இருக்கிறது. உயிரியல் தெரிந்த கல்லூரி மாணவர், நிரல் எழுதத் தெரிந்த பாலிடெக்னிக் மாணவர், கரு மூளையைப் படித்துச் சொல்லும் மருத்துவர் மூவரும் சில கிலோமீட்டருக்குள் கிடைப்பார்கள். தொடங்குவதற்கு ஒரு நல்ல கேள்வி ரீலின் என்ற மரபணு. மூளைப் புறணியின் வெளி விளிம்பில் உட்கார்ந்திருக்கும் சில செல்கள் அதை இயக்கி, ஏறிவரும் நரம்புச் செல்களுக்கு எங்கே நிற்பது என்று காட்டுகின்றன. அது பழுதானால் மடிப்புகள் சரியாக உருவாகாத மூளையோடு குழந்தை பிறக்கலாம். ஆலன் தரவில் அந்த மரபணு விழித்திருக்கும் அடுக்கைக் கண்டறிந்து, தரணியின் 5 வாரங்களிலும் அதே அடுக்கின் தடிமனை அளந்து பார்ப்பது ஓர் இறுதியாண்டுத் திட்டத்துக்குள் அடங்கும் வேலை.

அதற்கடுத்த படி கல்லூரி மாணவர்களால் மட்டும் ஆவதல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளைத் திசு வங்கி இயங்கி வருகிறது. சீவும் நுட்பம் சென்னையில் இருக்கிறது. இந்தியரின் மூளையில், ஆணும் பெண்ணும் சம அளவில், கருவிலிருந்து முதுமை வரை, மரபணுக்கள் எங்கெங்கே இயங்குகின்றன என்று அளந்து, 2006-ல் சியாட்டில் செய்ததுபோலப் பூட்டாமல் வெளியிட இன்று தேவைப்படுவது பணமும், தானத்துக்கு முன்வரும் குடும்பங்களும், அவர்களிடம் பொறுமையாகப் பேசும் மருத்துவர்களும்.