மாலை வெள்ளியும் மேற்குத் திசையும்

சூரியன் மறைந்தபின் மேற்கு வானில் ஒளிரும் வெள்ளிக் கோளை மாலை வெள்ளி என்பர். இதே கோள் வேறு மாதங்களில் விடியலுக்கு முன் கிழக்கில் தோன்றும்போது விடிவெள்ளி எனப்படுகிறது. சூரியனை விட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் இது விலகுவதில்லை. ஆகவே நள்ளிரவில் தமிழகத்தில் இதைக் காண இயலாது.

இலத்தீனில்

இலத்தீன் மொழியில் 'வெஸ்பர்' என்ற ஒரே சொல் மாலைப் பொழுதையும் மாலை வெள்ளியையும் மேற்கையும் குறிக்கும். கட்டல்லஸ் என்னும் கவிஞரின் 62ஆம் பாடல், மாலை வெள்ளி தோன்றியதும் இளைஞரும் கன்னியரும் எதிரெதிராகப் பாடும் மணப்பாட்டு ஆகும். இதற்கு இனமான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த 'எஸ்பேரியா' (மேற்கு நாடு) என்ற பெயரால் வெர்ஜில் தமது ஈனியட் காவியத்தில் இத்தாலியைக் குறிக்கிறார். மேற்கைக் குறிக்கும் மற்றொரு சொல்லான 'ஒக்கிடென்ஸ்' என்பதன் பொருள் 'விழுகின்ற (ஞாயிறு)' என்பதாகும்.

தமிழில்

தமிழ் மேற்குக்குப் பெயரிட்டது வானத்தைப் பார்த்து அன்று, நிலத்தைப் பார்த்து. 'மேல்' என்பதிலிருந்து மேற்கும், 'கீழ்' என்பதிலிருந்து கிழக்கும் பிறந்தன. தமிழகத்தின் நிலம் மேற்கில் உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. மரக்காணம் உப்பளங்களில் நின்றால் இது கண்கூடு. கிழக்கே கடல், மேற்கே பெருமுக்கல் மலை. இங்கு மாலை வெள்ளி கடலில் அன்றி நிலத்தின் பக்கமே இறங்கும்.

மலையாள நாட்டில் மலை கிழக்கிலும் கடல் மேற்கிலும் உள்ளன. ஆயினும் அங்கும் கிழக்கு 'கிழக்கு' என்றே வழங்குகிறது. மேற்கை மட்டும் 'படிஞ்ஞாறு', அதாவது படுஞாயிறு, என்பர். இது இலத்தீன் சொல்லின் பொருளோடு ஒத்தது.

சங்கப் பாடல்களில்

சங்கப் புலவர்கள் வெள்ளியை மழையோடு சேர்த்தே பெரிதும் நோக்கினர். அது தென்திசை சென்றால் மழை பொய்க்கும் என்பது அக்கால நம்பிக்கை. அவ்வாறு சென்றாலும் காவிரி பொய்யாது என்று பட்டினப்பாலை தொடங்குகிறது. பாரியின் நாட்டில் அப்போதும் வளம் குன்றாது என்கிறார் கபிலர் (புறநானூறு 117). உரோமானியப் புலவனுக்கு மணநாளை நினைவூட்டிய மீன், தமிழ்ப் புலவனுக்கு விளைச்சலை நினைவூட்டியது.

எனினும் ஓர் ஒற்றுமை உண்டு. தமிழர் வெள்ளிக்கிழமை என்பதை உரோமானியரும் அதே கோளின் பெயரால், 'வீனஸின் நாள்' என்றே அழைத்தனர்.