முதல் நான்கு ஆட்டங்கள்

கால்பந்து ஆண்பிள்ளைகளின் விளையாட்டு என்று சிலர் எண்ணக்கூடும். திண்டுக்கல்லில் எங்கள் வீடுகளிலோ, சென்னையின் எப்.சி. அணி ஆடும் நாளில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் முதலில் இடம் பிடிப்பவர்கள் நாங்கள்தாம்!

2019 அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் போட்டிகள் தொடங்கின. முதல் ஆட்டத்தில் கோவாவிடம் 0–3 எனத் தோல்வி. மும்பையுடன் 0–0. கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 0–1. பெங்களூருவிடம் 0–3. நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை! "இந்த ஆண்டு அவ்வளவுதான்" என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

அந்தத் தொடரின் லீக் சுற்றில் ஒவ்வோர் அணிக்கும் 18 ஆட்டங்கள் இருந்தன. வெற்றிக்கு 3 புள்ளிகள், சமநிலைக்கு 1. அப்போது முதல் நான்கு இடங்களைப் பெற்றோர் அரையிறுதிக்குச் சென்றனர். இன்னும் 14 ஆட்டங்கள் இருப்பதை ஆத்திரத்தில் மறந்தோம்.

நவம்பர் 25 அன்று ஐதராபாத்துக்கு எதிராக, 90 நிமிடங்கள் கடந்த பின்னரே முதல் கோல் விழுந்தது. எதிரணி சமன் செய்தது. உடனே வால்ஸ்கிஸ் வெற்றிக் கோலை அடித்தார். டிசம்பரில் ஓவன் காயில் பயிற்சியாளரானார். நான்காம் இடம் பெற்ற அணி, அரையிறுதியில் அதே கோவாவை வென்றது! 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் பார்வையாளர் இல்லாத அரங்கில், இறுதியாட்டத்தில் ஏ.டி.கே.யிடம் 1–3 எனத் தோற்றது.

கோப்பை கிட்டவில்லை. ஆயினும் நாங்கள் வெட்கப்பட்டது அணிக்காக அன்று; எங்கள் அவசரத் தீர்ப்புக்காக. முதல் மழை பொய்த்ததென்று நம் ஊர் உழவர் ஏரை விற்றுவிடுவதில்லை. காலாண்டுத் தேர்வில் பின்தங்கிய தோழியை "இவள் தேறமாட்டாள்" என்று சொன்ன நாவும் எங்களுடையதே. இனிச் சொல்லமாட்டோம்.