வேல்ஸ் மன்னர்களின் அவையும் அதிகாரமும்

இங்கிலாந்துக்கு மேற்கே மலைகள் மலிந்த சிறு நாடு வேல்ஸ். இன்று அது பிரிட்டனின் ஓர் அங்கம். 1282-ஆம் ஆண்டு வரை அங்கே சொந்த மன்னர்கள் ஆண்டு வந்தனர். அவர்களுடைய பெருமையைக் காண விழைந்து அங்கே செல்பவர் முதலில் ஏமாற்றமே அடைவார். கார்னார்வன், கான்வே, ஹார்லெக் என்று கண்ணைக் கவரும் பெருங்கோட்டைகள் யாவும் அம்மன்னர்களை வென்ற ஆங்கில அரசர் முதலாம் எட்வர்டு எழுப்பியவை. வேல்ஸ் மன்னர்களும் சில கோட்டைகள் கட்டியதுண்டு. ஆனால் அவர்களது அதிகாரம் குடியிருந்த இடம் வேறு.

அவ்விடத்தை வேல்ஷ் மொழியில் ‘லீஸ்’ என்பார்கள். அரசன் தங்கும் இல்லம், அவன் கூட்டும் அவை, வழக்குரைக்கும் மன்றம் ஆகிய மூன்றையும் அவ்வொரு சொல்லே குறிக்கும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதற்கு ஈடான சொல் எளிதில் அகப்படவில்லை. ‘அரண்மனை’ என்றால் இல்லாத அரண் வந்து சேருகிறது. ஆகவே ‘அவை’ என்றே வழங்குகிறேன்.

வடக்கே குவினெத் நாட்டில் ஒவ்வொரு சிறு பிரிவிலும் இத்தகைய அவை ஒன்று இருந்தது. அதனை அடுத்து, அதற்கு வேண்டிய தானியத்தை விளைவிக்கும் பண்ணையூர் ஒன்றும் இருந்தது. மன்னன் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. தன் பரிவாரத்தோடு அவைக்கு அவை சுற்றி வருவான். குடிகள் மாவும் இறைச்சியும் தேனிலிருந்து செய்த மதுவும் கொணர்ந்து கொடுப்பார்கள். நாணயம் அரிதாயிருந்த நாட்டில், விளைந்த இடத்துக்கே சென்று உண்பதுதான் வரி வசூல்.

அவையின் ஒழுங்கைச் சட்ட நூல்கள் விரித்துரைக்கின்றன. அச்சட்டங்களை வகுத்தவன் 950-இல் மறைந்த ஹவெல் என்ற மன்னன் என்பது மரபு. இன்று கிடைக்கும் ஏடுகளோ 13-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டவையல்ல. அவற்றின்படி அவையின் அதிகாரிகள் 24 பேர். அவர்களுள் 8 பேர் அரசியின் பணிக்குரியவர். படைத்தலைவன், குருக்கள், நீதிபதி, வல்லூறு பழக்குவோன், கவிஞன், மருத்துவன் என ஒவ்வொருவருக்கும் இருக்கையும் ஊதியமும் வரையறுக்கப்பட்டிருந்தன. இரைச்சலை அடக்கத் தூணைத் தட்டுவதற்கென்றே ஓர் ஊழியன் இருந்தான். விருந்தின்போது மன்னனுடைய பாதங்களைத் தன் மடியில் தாங்கியிருப்பது வேறொருவனின் பணி. அரசியின் அறையில் பாடும்போது, கூடத்திலுள்ளோருக்கு இடையூறாகாமல் தாழ்ந்த குரலில் பாட வேண்டுமென்று கவிஞனுக்கு விதி.

இவற்றைப் படித்து நகைப்பது எளிது. ஆனால் குற்றவாளிக்கு அடைக்கலம் தரும் உரிமை இவ்வூழியர் ஒவ்வொருவருக்கும் இருந்தது என்பதை நோக்க வேண்டும். துணி வெளுக்கும் பெண் தன் துவைக்கும் கட்டையை எவ்வளவு தூரம் வீசி எறிய வல்லாளோ, அவ்வளவு தூரம் அவளுடைய அடைக்கலம் செல்லும். மன்னனின் ஆணை அவள் கைக்கட்டை வரை பரவியிருந்தது. மன்னனையே அவமதித்தவன் கொடுக்க வேண்டியதும் அளந்து வைக்கப்பட்டிருந்தது: நாட்டின் பெரும்பிரிவு ஒன்றுக்கு 100 பசுக்கள், அவற்றோடு, மன்னனின் முகமளவு அகன்ற மூடியுள்ள பொற்கிண்ணம். அப்பொன்னின் கனம், ஏழாண்டு ஏர் பிடித்த உழவனின் நகத்தின் கனமாயிருக்க வேண்டும்! சட்ட வல்லுநர் தீட்டிய இலட்சியச் சித்திரமே இது. நடைமுறை முழுதும் இவ்வாறே இருந்ததென்று நான் கொள்ளவில்லை. எனினும் அதிகாரத்தைப் பற்றி அம்மக்கள் எண்ணிய விதம் இதில் தெளிவாகத் தெரிகிறது.

இவ்வமைப்பின் பெருங்குறை வாரிசுரிமை. நிலத்தைப் புதல்வர்கள் சமமாகப் பங்கிடுவது நாட்டு வழக்கம். அரசுரிமைக்கு ஒருவனையே சட்டம் சுட்டினாலும், சகோதரர்கள் பங்கு கேட்டுப் போரிட்டனர். குவினெத்தில் லெவெலின் ஆப் கிரிஃபித் தன் தமையனை 1255 முதல் 1277 வரை சிறையில் வைத்தே ஆண்டான். தம்பி தாவித் ஆங்கிலேயரிடம் ஓடினான்.

அந்த லெவெலினை 1267-இல் ஆங்கில அரசர் மூன்றாம் ஹென்றி ‘வேல்ஸ் இளவரசன்’ என்று ஒப்புக்கொண்டார். அதற்கு விலை 25,000 மார்க். ஒரு மார்க் என்பது பவுனில் மூன்றில் இரண்டு பங்கு. மாவும் மதுவும் வாங்கிப் பழகிய அரசு, ஆண்டுதோறும் 3,000 மார்க் வெள்ளியாகச் செலுத்த வேண்டியதாயிற்று. குடிகள் நசுக்கப்பட்டனர்; 1283-இல் அவர்கள் தெரிவித்த முறையீடுகள் இன்றும் ஏட்டில் இருக்கின்றன. தவணைகள் நின்றன, பகை மூண்டது. 1282 டிசம்பர் 11-இல் லெவெலின் போரில் மாண்டான்.

வென்ற எட்வர்டு அவனுடைய மரக்கூடம் ஒன்றைப் பிரித்தெடுத்து ஹார்லெக் கோட்டைக்குள் மீண்டும் நிறுத்தச் செய்தார். அரச முத்திரைகளை உருக்கித் தேவாலயக் கிண்ணமாக வார்க்கச் செய்தார். ஆங்கில்சி தீவில் ரோசிர் என்ற அவையின் சுவர்களை மணல் மூடியிருந்தது. 1990-களில் அவற்றைத் தோண்டி எடுத்தனர். அந்த அளவுகளைக் கொண்டே கார்டிஃப் நகருக்கு அருகில் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு கூடம் கட்டப்பட்டிருக்கிறது. பள்ளிச் சிறுவர்கள் அங்கே இரவில் தங்கிச் செல்கிறார்கள்.