மூடிய படுதாவுக்குள் கரையும் கூலி

பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்கள் சித்திரை வெயிலுக்குப் பயப்படுவதில் பாதிகூட மார்கழிப் பனிக்குப் பயப்படுவதில்லை. வெயிலில் கோழி கண்ணெதிரே சாகிறது. பனிக்காலத்து நஷ்டம் பேட்ச் முடிந்து கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும்.

5,000 கோழி உள்ள ஷெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோ எடைக்கு வருவதற்குள் ஒரு கோழி மூன்று கிலோவுக்கு மேல் தீவனம் தின்று, சுமார் 6 லிட்டர் தண்ணீர் குடித்துவிடும். மொத்தம் 30,000 லிட்டர். அதில் உடம்பில் தங்குவது கொஞ்சம்தான். மீதி எச்சமாகவும் மூச்சாகவும் ஷெட்டுக்குள்ளேயே வந்து சேர்கிறது. குளிருக்குப் பயந்து இரவெல்லாம் ஷெட்டின் பக்கவாட்டுப் படுதாவை இறுக்கி மூடினால், அந்த ஈரம் தரையில் பரப்பிய உமியில்தான் ஊறும். ஊறிய எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். அது 25 பிபிஎம் தாண்டினால் கண் எரியும், சளி பிடிக்கும், தீனி எடுப்பது குறையும். தின்றதும் சரியாக எடையாக மாறாது.

நாள் முழுக்க அங்கேயே இருப்பவர் மூக்கு நாற்றத்துக்குப் பழகியிருக்கும். அதை நம்ப வேண்டாம். விடியற்காலையில் உள்ளே போனதும் கோழி உயரத்துக்குக் குந்தி மூச்சை இழுத்துப் பாருங்கள். ஒரு பிடி உமியை அள்ளி இறுக்குங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி நின்றால் காற்று போதவில்லை, இல்லையென்றால் தண்ணீர் நிப்பிள் ஒழுகுகிறது.

ஒரு கிலோ எடைக்கு 100 கிராம் தீவனம் கூடினால் என்ன ஆகும்? இந்த ஷெட்டின் 10,000 கிலோவுக்கு ஒரு டன் தீவனம். 50 கிலோ மூட்டையில் 20. தீவனம் கம்பெனியுடையதுதானே என்று ஒப்பந்தத்தில் வளர்ப்பவர் இருந்துவிட முடியாது. உற்பத்திச் செலவு ஏறினால் வளர்ப்புக் கூலி இறங்கும்.

படுதாவின் அடிப்பக்கத்தைக் கட்டிவிட்டு, மேல்பக்கம் இறங்குகிற மாதிரி அமையுங்கள். குளிர்காற்று குஞ்சு மேல் நேரே அடிக்காது. சூடான ஈரக்காற்று மேல்வழியே போய்விடும். முதல் வாரக் குஞ்சுக்கு 32, 33 டிகிரி சூடு வேண்டும்தான். அதைத் தர வேண்டியது புரூடர், மூடிய படுதா அல்ல.

கோடையில் கதை வேறு. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தள்ளும். காற்று ஓடாத ஷெட்டில் தண்ணீரைப் பனிபோல் தூவும் ஃபாகரை மட்டும் போட்டால் ஈரப்பதம் ஏறி, இரைத்தும் பயனிருக்காது. முதலில் ஃபேன், பிறகுதான் தண்ணீர்.

புதிதாக ஷெட் போடுபவர்கள் நீளத்தைக் கிழக்கு மேற்காக வையுங்கள். அகலம் 30 அடிக்கு மேல் வேண்டாம். மீறினால் நடுவில் நிற்கும் கோழிக்குக் காற்று எட்டாது.