குட்டிச்சாத்தான்களுக்கும் தரவரிசை உண்டு!

தலைப்பைப் பார்த்ததும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். தமிழ் இதழில் குட்டிச்சாத்தானுக்கு என்ன வேலை என்று சிலர் புருவம் உயர்த்தவும் கூடும். சற்றுப் பொறுங்கள். நான் சொல்லப்போவது மாந்திரீகக் கதையன்று, அட்டை விளையாட்டு. எங்கள் விடுதியில் வெள்ளிக்கிழமை இரவானால் படிப்பறை மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் கூடிவிடுவோம். அப்போது புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, கோப்ளின் அட்டைகளிலேயே எது நல்லது? எதை முதலில் வாங்குவது?" உதவித்தொகையில் மாதத்தை ஓட்டும் மாணவனுக்கு இது விளையாட்டுக் கேள்வியன்று. அதற்கான பதிலைத்தான் காரணங்களோடு இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டு என்ன?

'மேஜிக்: தி கேதரிங்' என்னும் சேகரிப்பு அட்டை விளையாட்டைக் கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்பவர் உருவாக்கினார். விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993ஆம் ஆண்டு அதை வெளியிட்டது. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 20 உயிர்ப்புள்ளிகள். எதிராளியின் புள்ளிகளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தால் வெற்றி. கையில் குறைந்தது 60 அட்டைகள் கொண்ட ஒரு கட்டு இருக்க வேண்டும். அடிப்படை நில அட்டைகள் நீங்கலாக, ஒரே அட்டையில் நான்கு பிரதிகளுக்கு மேல் வைக்கக் கூடாது. நில அட்டைகள் 'மானா' என்னும் ஆற்றலைத் தரும். ஒரு சுற்றுக்கு ஒரு நிலம்தான் இறக்கலாம். மற்ற அட்டைகளுக்கு மானாவே விலை.

உயிரின அட்டைகளின் மூலையில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது தாக்கும் வலிமை, அடுத்தது தாங்கும் வலிமை. ஒவ்வோர் உயிரினத்துக்கும் ஓர் இனப்பெயரும் உண்டு. அவற்றுள் பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் வரும் குறும்புக்கார இனம்தான் கோப்ளின். தமிழில் குட்டிச்சாத்தான் என்றால் பொருத்தமாக இருக்கும். தனியே பார்த்தால் நோஞ்சான். கூட்டமாக வந்தால் ஊரையே கலக்கிவிடும்.

எதைக் கொண்டு அளப்பது?

தரவரிசை என்றதும் பலரும் மூலையிலுள்ள எண்களைத்தான் பார்க்கிறார்கள். அது போதாது. திருக்குறளில் 48, 49, 50ஆம் அதிகாரங்கள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வரிசையாக அமைந்திருப்பதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அரசனுக்குச் சொன்ன அந்த மூன்றும் அட்டைக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

வலி: கொடுத்த மானாவுக்கு என்ன கிடைக்கிறது? காலம்: முதல் சுற்றில் வந்தாலும் எட்டாம் சுற்றில் வந்தாலும் பயன்படுமா? இடம்: பக்கத்தில் வேறு கோப்ளின்கள் இருந்தால் என்ன செய்யும், இல்லாவிட்டால் என்ன செய்யும்? இந்த மூன்று கேள்விகளையும் கேட்டே கீழ்க்காணும் வரிசையை அமைத்திருக்கிறேன். எல்லா ஆண்டுகளின் அட்டைகளையும், தடைப்பட்டியலில் உள்ளவை தவிர, அனுமதிக்கும் 'லெகசி' ஆட்டமுறையின் பழம்பெரும் கோப்ளின் கட்டை மனத்தில் வைத்து இதைப் படியுங்கள்.

ஏழிலிருந்து ஒன்று வரை

7. மோக் ஃபனாட்டிக் (1997). ஒரு மானா, 1/1. தன்னையே பலியிட்டு விரும்பிய இலக்குக்கு ஒரு புள்ளிச் சேதம் தரும். 1999 முதல் 2009 வரை நடப்பில் இருந்த விதிப்படி, சண்டைச் சேதம் உறுதியான பிறகும் அது நிகழ்வதற்குள் இவனைப் பலியிட முடிந்தது. ஆகவே ஒரே ஆள் இரண்டு முறை அடித்தான். 2009இல் விதி மாறியது; இனி சண்டையா பலியா, இரண்டில் ஒன்றுதான். அட்டையில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் மதிப்பு இறங்கிவிட்டது. அட்டையின் தகுதி அட்டையில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

6. ஜெம்பாம் இன்சினரேட்டர் (2003). மூன்று மானா கொடுத்தால் 2/1 வீரன். ஆனால் பெரும்பாலும் நாம் இவனைக் களத்தில் இறக்குவதில்லை. இரண்டு மானா கொடுத்துக் கையிலிருந்து கழித்துவிட்டால், களத்தில் எத்தனை கோப்ளின்கள் இருக்கின்றனவோ அத்தனை புள்ளிச் சேதத்தை எதிரியின் ஓர் உயிரினத்துக்குத் தரலாம். கூடவே ஒரு புது அட்டையும் எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் இருக்கும்போது கூர்வாள். கூட்டம் இல்லாவிட்டாலும் ஓர் அட்டைக்கு ஈடாக இன்னோர் அட்டை; நட்டமில்லை.

5. கோப்ளின் பைல்டிரைவர் (2002). இரண்டு மானா, 1/2. உடன் தாக்கும் ஒவ்வொரு கோப்ளினுக்கும் இவனுக்கு வலிமை இரண்டு கூடும். மூன்று தோழர்களோடு பாய்ந்தால் 1+6, அதாவது 7 புள்ளிகள். இரண்டு பைல்டிரைவர்களும் வேறு இரண்டு 1/1 கோப்ளின்களும் சேர்ந்து தாக்கினால் 7+7+1+1=16. இருபது புள்ளியில் பதினாறு ஒரே அடியில்! மேலும் நீல நிற உயிரினங்களால் இவனைத் தடுக்க முடியாது. பிறகு ஏன் ஐந்தாம் இடம்? தனியாக நின்றால் இவன் வெறும் ஒரு புள்ளி. களம் காலியான பிறகு வந்து சேரும் பைல்டிரைவரைப்போல் ஏமாற்றம் தருவது வேறில்லை.

4. கோப்ளின் லாக்கி (1998). ஒரு மானா, 1/1. எதிராளிமீது இவனுடைய அடி விழுந்தால், கையிலுள்ள ஒரு கோப்ளினை மானா செலவின்றிக் களத்தில் இறக்கலாம். முதல் சுற்றில் லாக்கி, இரண்டாம் சுற்றில் ஐந்து மானா பெறுமான சீஜ்-கேங் கமாண்டர், அவனோடு மூன்று குட்டிக் கோப்ளின்கள் என்றால் எதிராளி எங்கே போவார்? 2020இல் வந்த ஆறு மானா மக்ஸஸைக்கூட இவன் இலவசமாக இறக்கிவிடுவான். 'எக்ஸ்டெண்டட்' என்ற அந்நாளைய போட்டி முறையில் 2004 தொடக்கத்திலிருந்து இந்த ஒரு மானா அட்டைக்குத் தடை விதித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காலம் என்ற கேள்வியைக் கேட்போம். நான்கு பிரதிகள் வைத்திருந்தாலும், தொடக்கத்தில் எடுக்கும் ஏழு அட்டைகளில் ஒரு லாக்கியாவது இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடுதான். அதாவது பத்து ஆட்டங்களில் ஆறில் இவன் தொடக்கக் கையில் இருக்கமாட்டான். ஐந்தாம் சுற்றில் வரும் லாக்கியை எந்தத் தடுப்பு வீரனும் நிறுத்திவிடுவான். ஆகவே நான்காம் இடம்.

3. கோப்ளின் வார்ச்சீஃப் (2003). மூன்று மானா, 2/2. இவன் களத்தில் இருந்தால் நம் கோப்ளின்களுக்கு ஒரு மானா குறைவு. தவிர, களமிறங்கிய சுற்றிலேயே அவை தாக்கலாம். வழக்கமாக ஓர் உயிரினம் தாக்குவதற்கு ஒரு சுற்று காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நீங்கினால் எதிராளிக்குத் திட்டமிட நேரம் இருக்காது. இரண்டு மானா பைல்டிரைவர் ஒரு மானாவுக்கு வந்து அன்றே பாய்வான். பத்தாம் சுற்றில் வந்தாலும் இவனுக்கு வேலை இருக்கிறது.

2. கோப்ளின் ரிங்லீடர் (2001). நான்கு மானா, 2/2, வந்தவுடன் தாக்கலாம். களமிறங்கும்போது கட்டின் மேலுள்ள நான்கு அட்டைகளைத் திறந்துகாட்டி, அவற்றிலுள்ள கோப்ளின்கள் அனைத்தையும் கையில் எடுத்துக்கொள்ளலாம். 60 அட்டைகளில் 30 கோப்ளின்கள் என்று வைத்துக்கொண்டால் சராசரியாக இரண்டு கிடைக்கும். எதிராளி நம் படையை முழுவதுமாக அழித்தாலும், ரிங்லீடர் ஒருவன் வந்தால் படை மறுபடி திரளும்.

1. கோப்ளின் மேட்ரன் (1998). மூன்று மானா, வெறும் 1/1. எண்களை மட்டும் பார்த்தால் பட்டியலின் கடைசியில் இருக்க வேண்டியவள். ஆனால் இவள் களமிறங்கும்போது கட்டு முழுவதையும் தேடி, நமக்கு வேண்டிய ஒரு கோப்ளினைக் கையில் கொண்டுவந்து தருவாள். படை குறைந்ததா? ரிங்லீடரைத் தேடுவாள். வேகம் வேண்டுமா? வார்ச்சீஃப். எதிரியின் ஓர் உயிரினம் வழிமறிக்கிறதா? இன்சினரேட்டர்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மேட்ரன் ஒரு ரிங்லீடரைக் கொண்டுவருகிறாள். அந்த ரிங்லீடர் சராசரியாக இரண்டு கோப்ளின்களைத் தருகிறான். ஓர் அட்டையில் தொடங்கி நான்கு அட்டைகள் ஆகிவிட்டன. தவிர, மேட்ரன் இருப்பதால் அபூர்வமாகத் தேவைப்படும் அட்டைகளை ஒவ்வொன்று வைத்தாலே போதும். சிற்றுயிர்களைச் சுட்டுத்தள்ளும் கோப்ளின் ஷார்ப்ஷூட்டர் (2002) ஒன்று, நிறமற்ற கருவிகளை உடைக்கும் கோப்ளின் கிரேட்டர்மேக்கர் (2018) ஒன்று என்று வைத்தால், வேண்டிய நேரத்தில் அழைத்துவர இவள் இருக்கிறாள். வலிமை குறைவு, ஆனால் எந்தக் காலத்திலும் எந்த இடத்திலும் பயன். ஆகவே முதலிடம் இவளுக்கே.

ராஜா எங்கே?

கோப்ளின் கிங் 1993இல் வந்த முதல் தொகுப்பிலேயே இருக்கிறார். மற்ற கோப்ளின்களுக்கு வலிமை ஒன்று கூட்டுகிறார். எதிராளியிடம் மலை நிலம் இருந்தால் அவை தடுக்கப்படாமல் செல்லவும் வழி செய்கிறார். ஆனால் அவர் கொடுக்கும் வலிமை எதிராளியின் கோப்ளின்களுக்கும் சேர்ந்தே கிடைக்கும். அவர் ஒருவர் வீழ்ந்தால் படை முழுவதும் அந்தக் கணமே சுருங்கிவிடும். போகும்போது கையில் ஓர் அட்டையும் விட்டுச் செல்வதில்லை. மேட்ரனும் ரிங்லீடரும் வீழ்ந்தாலும், அவர்கள் கொண்டுவந்தவர்கள் நம்மிடம் இருப்பார்கள். பட்டியலில் ராஜா இல்லாததற்குக் காரணம் அதுதான்.

களம் மாறினால் வரிசையும் மாறும்

இந்த வரிசை எங்கும் செல்லும் என்று நான் சொல்லமாட்டேன். 2008 பிப்ரவரியில் நம் கோலாலம்பூரிலேயே மேஜிக்கின் 'புரோ டூர்' போட்டி நடந்தது. 2000ஆம் ஆண்டின் உலக வெற்றியாளரான ஜான் ஃபிங்கல் அதில் வாகை சூடினார். அங்கே யாரும் வீட்டிலிருந்து கட்டு கொண்டுவரவில்லை. லோர்வின், மார்னிங்டைட் தொகுப்புகளின் உறைகளை அங்கேயே பிரித்து, ஆளுக்கோர் அட்டையாக எடுத்துப் பக்கத்தில் நகர்த்தி, 40 அட்டைக் கட்டு அமைக்க வேண்டும். அந்தத் தொகுப்புகளும் இனங்களை மையமாகக் கொண்டவைதான். கோப்ளின்களுக்கு அங்கே 'போகார்ட்' என்று பெயர். ஆனால் எத்தனை கோப்ளின்கள் கைக்கு வரும் என்று எவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஆட்டத்தில் தோழர்களை நம்பும் பைல்டிரைவர் போன்றவன் கீழே இறங்குவான். தானே மூன்று குட்டிகளோடு வரும் சீஜ்-கேங் கமாண்டர் போன்றவன் முதலிடத்துக்கே ஏறிவிடுவான். எனவே யாராவது தரவரிசைப் பட்டியல் ஒன்றை நீட்டினால், "எந்தக் களத்துக்கு?" என்று முதலில் கேளுங்கள்.

தம்பி தங்கைகளுக்கு

இனி, எதை முதலில் வாங்குவது என்ற கேள்விக்கு வருவோம். மேலே சொன்ன ஏழில், முதலில் வெளிவந்தபோது 'ரேர்' என்னும் அரிய முத்திரை பெற்றது பைல்டிரைவர் மட்டுமே. மற்ற ஆறும் எளிய வகைகளில் அச்சானவை. பளபளப்பையும் அரிய முத்திரையையும் பார்த்துப் பணத்தைக் கொட்டாதீர்கள். முதலில் நான்கு மேட்ரன், நான்கு ரிங்லீடர் சேருங்கள். அடுத்து வார்ச்சீஃப். லாக்கியும் பைல்டிரைவரும் அதற்குப் பிறகு வரட்டும். அதுவரை நண்பர்களிடம் இரவல் வாங்கி ஆடுங்கள். எங்கள் மேசையில் அதற்குத் தடையில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புள்ளி விழுக்காட்டையும் தேர்வு முடிவையும் வைத்தே நம்மை வரிசைப்படுத்தும் இடத்தில்தான் நாம் படிக்கிறோம். அந்த எண்கள் வேண்டாதவை என்று சொல்ல வரவில்லை. ஆனால் விழாக் குழுவுக்கோ குழுப்பணிக்கோ ஆள் சேர்க்கும்போது, மூலையிலுள்ள எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். யாரை எங்கே தேடினால் கிடைப்பார் என்று அறிந்து, அழைத்துவந்து சேர்க்கிறவர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரை முதலில் கண்டுபிடியுங்கள்.