அகத்துறிஞ்சலும் புறத்துறிஞ்சலும்: மூலக்கூற்று முனைவு பற்றிய ஒரு விளக்கம்

மழை ஓயாத நாள்களிற் பொரளையில் வாழும் எவரும் உப்புப் போத்தலின் அடியில் நீர் கசிந்து நிற்பதைக் கண்டிருப்பர். காற்றின் சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டும்போது சோடியங் குளோரைட்டு நீராவியைப் பற்றிக் கரையத் தொடங்குகின்றது. இதே உப்புப் பளிங்கைத் தகடாக வெட்டிச் செங்கீழ்க் கதிர் நிறமாலைமானிகளிற் சாளரமாக வைப்பதுண்டு. சாதாரண கண்ணாடி அக்கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிட, உப்பு வழிவிடுகின்றது. கொழும்பின் ஈரக்காற்றில் அச்சாளரம் மங்காதிருக்கச் சிலிக்கா ஜெல் துணைசெய்யும். உப்பைக் கசியவைப்பதும், ஜெல்லிற் சிக்குவதும், கதிரை விழுங்கி நிறமாலையைக் குழப்புவதும் ஒரே நீராவிதான்.

கதிரை மூலக்கூறு தன்னுள் ஏற்பது அகத்துறிஞ்சல். மூலக்கூறு திண்மமொன்றின் மேற்பரப்பிற் படிவது புறத்துறிஞ்சல். அகம், புறம் என்னும் பாகுபாட்டிற் பயின்ற நமக்கு இக்கலைச்சொற்கள் அயலானவையல்ல. இவ்விரண்டையும் இணைப்பது மூலக்கூற்றின் மின்முனைவாகும்.

நீர் மூலக்கூற்றில் ஒட்சிசன் இலத்திரன்களைத் தன்பால் மிகுதியாக ஈர்க்கின்றது. இரு பிணைப்புகளும் 104.5 பாகைக் கோணத்தில் நிற்பதால் அவ்வேற்றத்தாழ்வு சமனாகாது எஞ்சுகின்றது. காபனீரொட்சைட்டிலும் பிணைப்புகள் முனைவுடையனவே. ஆயின் ஒரே நேர்கோட்டில் எதிரெதிராக நிற்றலால் ஒன்றையொன்று நீக்குகின்றன. அதற்கு நிலையான இருமுனைவுத் திருப்புத்திறன் இல்லை.

முனைவுள்ளது கதிரை உறிஞ்சும், முனைவற்றது உறிஞ்சாது என மனனஞ் செய்யும் மாணவர் இங்கேதான் வழுவுகின்றனர். கதிரின் மின்புலம் பற்றிக்கொள்வது இருமுனைவின் இருப்பையன்று. அதிர்வின்போது அது அடையும் மாற்றத்தையே. காபனீரொட்சைட்டு வளையும்போது சமச்சீர் குலைந்து ஓர் இருமுனைவு தோன்றி மறைகின்றது. அதனால் 15 மைக்கிரோமீற்றர் அலைநீளத்திலும், ஒரு பக்கம் நீள மறுபக்கம் குறுகும் அதிர்வினால் 4.3 மைக்கிரோமீற்றரிலும் அது கதிரை வன்மையாக உறிஞ்சுகின்றது. உலர்காற்றில் 99 வீதமான நைதரசனும் ஒட்சிசனுமோ ஒத்த ஈரணு மூலக்கூறுகள். அவை எவ்வளவு அதிர்ந்தாலும் இருமுனைவு பிறப்பதில்லை. 1859இல் ஜோன் ரின்டல் தம் ஆய்வுகூடத்தில் அளந்தறிந்தது இவ்வேறுபாட்டையே. மிகச் சிற்றளவான காபனீரொட்சைட்டு பூமியின் வெப்பத்தைத் தடுத்துவைப்பதை மேற்கூறிய மனன வாய்பாட்டினால் விளக்கவே முடியாது. இருபக்கமும் ஒருசேர நீளும் அதன் மூன்றாம் அதிர்வு செங்கீழ்க் கதிருக்குப் புலப்படாது. அதனைக் காட்டுவது 1928இல் சி. வி. இராமன், கே. எஸ். கிருஷ்ணனுடன் கல்கத்தாவிற் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு.

இனி மேற்பரப்புக்கு வருவோம். சிலிக்கா ஜெல்லின் பரப்பெங்கும் ஐதரொட்சில் கூட்டங்கள் உள்ளன. அவை நீரை ஐதரசன் பிணைப்பினாற் பற்றுகின்றன. நம் நாட்டுச் சிரட்டைக் கரியின் போக்கு வேறு. அதன் காபன் பரப்பு பெரும்பாலும் முனைவற்றது. ஈரம் குறைந்த காற்றில் நீரை அது பொருட்படுத்துவதில்லை. குளோரீன், பென்சீன் போன்ற முனைவற்றவற்றையோ, இலத்திரன் முகில்களின் கணநேர அசைவினாற் பிறக்கும் விசைகளைக்கொண்டு இறுகப் பற்றுகின்றது. முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளிற் சிரட்டைக் கரி இடம்பெற்றமை இதனாலேயே. உயிர்ப்பூட்டிய கரியில் ஒரு கிராமுக்கு 1000 சதுர மீற்றர் அளவிலான பரப்பு உண்டு. குருநாகல், புத்தளம் பகுதிகளிற் கரிக்குழியின் புகையில் நிற்கும் தொழிலாளி அப்பரப்பின் முதற்படியை ஆக்குகின்றார். பின்னர் ஆலையில் 900 பாகை செல்சியசளவில் நீராவி துளைகளைத் திறக்கின்றது. ஏற்றுமதி விலையில் அவரது பங்கு எவ்வளவு என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

பரப்பில் எது, எவ்வாறு படிந்துள்ளது என்பதை அறியவும் செங்கீழ்க் கதிரே கருவியாயிற்று. 1940களில் லெனின்கிராட்டில் தெரேனினும் அவர் குழுவினரும் நுண்துளைக் கண்ணாடியில் இவ்வாய்வை முன்னெடுத்தனர். சிலிக்காவின் தனித்த ஐதரொட்சில் கூட்டம் சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 3750 என்னும் அலையெண்ணிற் கூரிய பட்டையைத் தரும். நீரோ அமோனியாவோ வந்து பற்றியதும் அப்பட்டை அகன்று, தாழ்ந்த அலையெண்ணுக்கு நகர்கின்றது. பிணைப்பு வலுக்குந்தோறும் நகர்வும் கூடும். 1956இல் செப்பேட், யேற்சு ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதனினும் வியப்பானது. தனித்த மெதேனின் சமச்சீர் அதிர்வு செங்கீழ்க் கதிருக்குப் புலப்படாதது. நுண்துளைக் கண்ணாடியிற் படிந்தபோது அதுவே புலப்பட்டது. தனிமையில் இல்லாத ஏற்றத்தாழ்வைப் பரப்பின் மின்புலம் அம்மூலக்கூற்றில் உண்டாக்கிவிடுகின்றது. சிரட்டைக் கரியோ கதிரைத் தானே பெரிதும் விழுங்கிவிடுதலால், இம்முறைக்கு அத்துணை எளிதில் இடங்கொடுப்பதில்லை.