பெற்றோற் பம்பி இயங்காவிடில் மின்கம்பியை முதலிற் பார்க்க



மாரஸ்ஸனைப் பக்கத்தில் மாலையிற் பறித்த போஞ்சியும் கறிமிளகாயும் விடியுமுன் சந்தையைச் சேர வேண்டும். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் 1999 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பின்னர், கண்டியிலிருந்து மாத்தளை வழியாக அங்குச் செல்லும் மரக்கறி வண்டிகளும் உண்டு. வழியில் வண்டி நின்றுவிட்டால், வாடிய மரக்கறிக்கு வியாபாரி சொன்னதே விலை. இவ்வாறு நிற்கும் வண்டிகள் சிலவற்றிற் பழுது பெற்றோற் பம்பியில் அன்று. அதற்கு மின் கொண்டுசெல்லும் கம்பியிலேயே உள்ளது. பம்பி விலை மிக்கது. கம்பியைச் சீராக்கச் சிறு செலவே ஆகும்.

இங்குக் கூறுவன தாங்கியினுள் மின்பம்பி அமைந்த பெற்றோல் வண்டிகளுக்கே பொருந்தும். டீசல் லொறிகளின் அமைப்பு வேறு.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துக. பீடி, சுருட்டு அருகில் ஆகாது. பெற்றோல் மணம் வீசினால் சோதனையைத் தொடங்கவே வேண்டாம்.

முதலில் தாங்கியிற் பெற்றோல் உண்டா எனப் பாருங்கள். இது நகைப்புக்குரிய புத்திமதி அன்று. பெற்றோல் குறைந்த வண்டி கடுகண்ணாவை போன்ற ஏற்றத்தில் ஏறும்போது, எஞ்சியது ஒருபுறம் ஒதுங்கப் பம்பி காற்றை இழுக்கும்.

பின்னர்ச் சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காது, செவி கொடுத்துக் கேளுங்கள். பெரும்பாலான வண்டிகளிற் பம்பி இரண்டு மூன்று விநாடி முரலும். ஓசை இல்லையேல் உருகியைப் பார்க்க. எரிந்திருந்தால் அதே அம்பியர் அளவுள்ளதையே இடுக. அதுவும் உடனே எரியுமாயின், கம்பி வண்டியின் உடலில் உரசுகிறது, அல்லது பம்பி இறுகிவிட்டது. உருகிக்குப் பதிலாகச் செப்புக்கம்பி சுற்றுவது தீயை வலிந்து அழைப்பதாகும். உருகி நன்றாயின், றிலேயைக் கழற்றி, அதே இலக்கமுள்ள ஹோர்ன் றிலேயை அவ்விடத்தில் இட்டுப் பாருங்கள்.

அடுத்து வோல்ற்றளவு. பலர் பம்பியின் செருகியைக் கழற்றி அளந்து, 12 வோல்ற்று இருப்பதைக் கண்டதும் பம்பியே பழுதென முடிவு செய்கின்றனர். இது தவறு. கடைமடையை மூடிவைத்தால், அடைப்புள்ள வாய்க்காலிலும் நீர் மட்டம் சமமாகவே நிற்கும். மடையைத் திறந்த பின்னரே கடைசி வயலுக்கு நீர் போதாமை தெரியும். மின்னும் அவ்வாறே. செருகியைப் பூட்டியபடியே, அதன் பின்புறத்தில் வோல்ற்றுமானியின் முனைகளை வைத்து, ஒருவர் சாவியைத் திருப்ப அளக்க வேண்டும். பற்றரியில் 12 வோல்ற்று இருக்கப் பம்பியில் 10 மட்டுமே காணின், இரண்டு வோல்ற்று வழியிலே வீணாகிறது. முழு அளவு கிடைத்தும் இயங்காத பம்பியையே குறை கூறலாம்.

வீணாகும் இடத்தை அறிய, மானியின் ஒரு முனையைப் பற்றரியின் மறைமுனையிலும், மற்றதைப் பம்பியின் புவிக்கம்பியிலும் வைத்துச் சாவியைத் திருப்புக. அரை வோல்ற்றுக்கு மேற் காட்டினால் புவித்தொடுப்புக் கெட்டுள்ளது. இரு பருவக்காற்று மழையும் காணும் நம் பகுதியில், வண்டியின் அடியிலுள்ள இத்தொடுப்பே முதலில் துருவேறும். பற்றரியின் மறைக்கம்பியைக் கழற்றிவிட்டு, துருவைச் சுரண்டி, திருகாணியை இறுக்கிக் கிறீசு பூசுக.

நெல்மூட்டை அடுக்கிய கொட்டிலில் வண்டியை நிறுத்துவோர் எலியையும் நினைக்க வேண்டும். நெல்லோடு நில்லாது கம்பியின் உறையையும் அது கடிக்கும். கடிபட்ட கம்பியை முறுக்கி நாடா சுற்றினால் ஒரு மழைக்கும் தாங்காது. நீர் புகாத உறையுள்ள இணைப்பான் கொண்டு நசுக்கிப் பூட்டுவதே நன்று. தாங்கிக்கு அருகில் ஈயம் பற்றவைக்க ஒருபோதும் முனையாதீர்கள். அங்குள்ள கம்பியைக் கராச்சிற் கொடுத்தே மாற்றுவியுங்கள்.